டேட்டிங் செயலியில் அறிமுகம். சந்திக்கும் இடத்தைத் தேர்வு செய்வது யார்? ஹைதராபாத் மோசடி காட்டும் பாதுகாப்பு வழிமுறைகள்

ஹைதராபாத்: டேட்டிங் செயலியில் அறிமுகமான பெண்ணைச் சந்திக்கச் சென்ற ஆண்கள் பலர், ஒரு மணி நேரத்துக்குள் பல ஆயிரம் ரூபாய்க்கான ரசீதுடன் கேளிக்கை விடுதியில் தனித்து விடப்பட்ட விவகாரம், 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹைதராபாத்தின் ஹைடெக் சிட்டி பகுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பகிர்ந்த ரசீதுகள் முதலில் எக்ஸ் தளத்தில் பரவின. அவற்றில் சில நாற்பதாயிரம் ரூபாய் வரை சென்றிருந்தன. இதையடுத்து சைபராபாத் காவல் துறையினர் டெல்லியைச் சேர்ந்தவர்கள் அடங்கிய கும்பலைக் கைது செய்தனர்.

மோசடி நடந்த விதம் மிக எளிமையானது. டிண்டர், பம்பிள் போன்ற செயலிகளில் பெண் ஒருவர் பழகத் தொடங்குவார். ஓரிரு நாட்களிலேயே நேரில் சந்திக்கலாம் என்பார். ஹைடெக் சிட்டி மெட்ரோ நிலையம் அருகே வரச் சொல்வார். அங்கிருந்து, ‘பக்கத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது’ என்று குறிப்பிட்ட விடுதிக்கு அழைத்துச் செல்வார். விலை உயர்ந்த மதுபானங்களை அடுத்தடுத்து வரவழைப்பார். பின்னர் ஏதேனும் ஒரு காரணம் சொல்லி எழுந்து போய்விடுவார். மேசையில் எஞ்சியிருப்பது ரசீது மட்டுமே.

இதில் ஓடிபி திருட்டு இல்லை, போலி இணைப்பு இல்லை, வங்கிக் கணக்கு ஊடுருவலும் இல்லை. பாதிக்கப்பட்டவர் தன் கையாலேயே பணம் செலுத்தியிருக்கிறார். செயலியின் எந்தத் தொழில்நுட்பப் பாதுகாப்பும் இதைத் தடுத்திருக்க முடியாது. சந்திக்கும் இடத்தை எதிர்த்தரப்பு தேர்வு செய்ததும், அதை இவர் ஏற்றுக்கொண்டதும்தான் மோசடி முழுவதற்கும் அடிப்படை.

அதே ஜூன் மாதத்தில் டெல்லியின் லட்சுமி நகரில், குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகி வந்த இளைஞர் ஒருவரிடம் 1 லட்சத்து 21 ஆயிரம் ரூபாய்க்கும் மேல் வசூலிக்கப்பட்டது. பிறந்தநாள் கொண்டாட்டம் என்று அழைத்த பெண், குடும்பத்தில் அவசரம் என்று கூறிப் பாதியில் வெளியேறியிருந்தார். வசூலான தொகையில் உணவக உரிமையாளர்கள், மேலாளர்கள், அழைத்து வந்த பெண் என அனைவருக்கும் சதவீதக் கணக்கில் பங்கு இருந்ததாக டெல்லி காவல் துறை தெரிவித்தது. ஆகஸ்ட் மாதம் மும்பை அந்தேரியிலும் இதே பாணியில் புகார்கள் எழுந்தன. ஆகவே இது ஒரு நகரத்தின் குறையன்று. ஊர் விட்டு ஊர் செல்லும் ஒரு தொழில்முறை.

ஹைதராபாத் அதற்கு ஏற்ற களமாக அமைந்ததில் வியப்பில்லை. மாதாப்பூர், கச்சிபௌலி, கொண்டாப்பூர் பகுதிகளில் வேலை நிமித்தம் தங்கியிருக்கும் இளைஞர்களில் பெரும்பகுதியினர் வெளியூர்க்காரர்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்தோரும் அவர்களில் கணிசமானோர். நகரில் உறவினர் இல்லை, செயலியில் பழகுவது வீட்டுக்குத் தெரியாது, மாதச் சம்பளம் உண்டு. பணம் போனாலும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள் என்ற கணிப்பே இத்தகைய கும்பல்களின் உண்மையான மூலதனம்.

எந்தச் செயலி எதற்கு?

டிண்டர் 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. படத்தைப் பார்த்து வலப்புறமோ இடப்புறமோ தள்ளும் முறையைப் பிரபலமாக்கியது இதுவே. பயனர் எண்ணிக்கை அதிகம் என்பதால் வேகமாக அறிமுகங்கள் கிடைக்கும். அதே காரணத்தால் போலிக் கணக்குகளும் இங்கு அதிகம் எதிர்ப்படும். ஹிஞ்ச், ஓகேகியூபிட் ஆகியவையும் டிண்டரை நடத்தும் மேட்ச் குழுமத்துக்கே சொந்தமானவை. இவற்றில் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டியிருப்பதால், எதிரில் இருப்பவரின் எழுத்தைப் படித்து ஓரளவு எடைபோட முடிகிறது.

2014ஆம் ஆண்டு தொடங்கிய பம்பிள் செயலியில், ஆண் - பெண் பொருத்தம் அமைந்தால் பெண்தான் முதலில் செய்தி அனுப்ப வேண்டும் என்ற விதி இருந்தது. 2024ஆம் ஆண்டு அது தளர்த்தப்பட்டு, பெண் முன்கூட்டியே வைக்கும் கேள்விக்கு ஆண் பதிலளித்து உரையாடலைத் தொடங்கவும் வழி செய்யப்பட்டது. தேவையற்ற செய்திகளின் வெள்ளத்தை இந்த முறை குறைக்கிறது. ஆனால் ஹைதராபாத் மோசடியில் முதலில் பேசியதே பெண் தரப்புதான் என்பதை ஆண்கள் நினைவில் கொள்ளலாம்.

இந்தியச் செயலிகளில் பெங்களூருவைச் சேர்ந்த ஐல், 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நௌக்ரி, ஜீவன்சாத்தி தளங்களை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் நிறுவனம் 2022ஆம் ஆண்டு இதன் 76 சதவீதப் பங்குகளை வாங்கியது. மலையாளத்தில் அரிகே, தமிழில் அன்பே, தெலுங்கில் நீதோ, கன்னடத்தில் நீனே என மொழிவாரிச் செயலிகளையும் இந்நிறுவனம் அறிமுகப்படுத்தியது. நீண்டகால உறவை நாடுவோருக்கு இவை பொருத்தமானவை எனக் கூறப்பட்டாலும், தாய்மொழியில் பேசுபவர் என்பதாலேயே ஒருவரை நம்பிவிட முடியாது.

செயலியைத் தேர்வு செய்யும்போது பயனர் எண்ணிக்கையைக் காட்டிலும் மூன்று விவரங்கள் முக்கியம். பயனரின் முகத்தைச் சரிபார்க்கும் முறை கட்டாயமா, விருப்பத் தேர்வா? இருப்பிடத்தை மறைக்க அமைப்பு உண்டா? இந்தியாவுக்கான குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் செயலியில் வெளியிடப்பட்டுள்ளதா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத செயலியைப் பதிவிறக்கம் செய்யாமல் இருப்பதே நல்லது. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்த அலுவலரை நியமிப்பது நிறுவனத்தின் கடமை.

திருமணத் தகவல் தளங்களுக்கு மத்திய அரசு 2016ஆம் ஆண்டே தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. பயனரின் அடையாள ஆவணத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதுடன், தங்கள் தளம் டேட்டிங் தளம் அன்று என்று அறிவிக்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. அதனால் டேட்டிங் செயலிகள் அந்த வழிகாட்டுதலின் வரம்புக்குள் வரவில்லை. இங்கே சரிபார்க்கும் பொறுப்பில் பெரும்பகுதி பயனரின் தலையிலேயே விழுகிறது.

நீலக் குறியீடு சொல்வதும் சொல்லாததும்

சுயவிவரத்தில் காணப்படும் சரிபார்ப்புக் குறியீடு, பதிவேற்றப்பட்ட படமும் கைபேசி முன் காட்டப்பட்ட முகமும் ஒன்றே என்பதை மட்டும் உறுதி செய்கிறது. டிண்டர் 2025ஆம் ஆண்டில் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் புதிய பயனர்களுக்கு முகக் காணொளிச் சரிபார்ப்பைக் கொண்டு வந்தது. வேறொருவரின் படத்தை வைத்து ஏமாற்றுவதை இது குறைக்கும். அவர் திருமணமானவரா, சொல்லும் வேலையில் இருக்கிறாரா, அவர் மீது வழக்கு உள்ளதா என்பதை எந்தக் குறியீடும் சொல்லாது. கட்டணச் சந்தாவும் அப்படித்தான். அது நற்சான்றிதழ் அன்று.

ஜெய்ப்பூரில் 2018ஆம் ஆண்டு மே மாதம் நடந்த கொலை இதற்குக் கொடூரமான உதாரணம். டிண்டரில் தன்னை டெல்லியைச் சேர்ந்த பெரும் பணக்காரராகக் காட்டிக்கொண்ட இளைஞரை, அதை நம்பிய பெண்ணும் கூட்டாளிகளும் வரவழைத்துக் கடத்தினர். வசதியற்ற தந்தையிடம் 10 லட்சம் ரூபாய் கேட்டனர். பின்னர் அந்த இளைஞர் கொல்லப்பட்டார். 2023ஆம் ஆண்டு மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தன்னைப் பற்றிச் சொல்லும் பொய்யும் ஒருவரைக் குற்றவாளிகளின் பார்வையில் கொண்டு நிறுத்தும்.

எனவே நேரில் சந்திப்பதற்கு முன் பயனரே சில சோதனைகளைச் செய்ய வேண்டும். சுயவிவரப் படத்தை கூகுள் லென்ஸ் போன்ற வசதியில் இட்டுத் தேடினால், வேறு பெயரில் அதே படம் இருப்பது தெரிந்துவிடும். குறைந்தது ஒருமுறை காணொளி அழைப்பில் பேச வேண்டும். செயற்கை நுண்ணறிவால் முகத்தை மாற்றிப் பேசும் காலம் இது என்பதால், பேசும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்வதும் முகத்தின் குறுக்கே கையை அசைக்கச் சொல்வதும் ஓரளவு உதவும். முழு உறுதி தராது.

யூபிஐ செயலியில் கைபேசி எண்ணை இட்டால், அந்த எண்ணுடன் இணைந்த வங்கிக் கணக்கின் பெயர் தோன்றும். எதிர்த்தரப்பு சொன்ன பெயருடன் அது பொருந்துகிறதா என்று பார்ப்பது எளிய வழி. இது இருபக்கமும் கூரான கத்தி என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணைக் கொடுத்த மறுகணமே பயனரின் முழுப்பெயரும் எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிடும். எனவே வாட்ஸ்அப், டெலிகிராமுக்கு மாறலாம் என முதல் நாளிலேயே வற்புறுத்துபவரிடம் அவசரப்பட வேண்டியதில்லை. செயலிக்குள் நடக்கும் உரையாடல் புகார் அளிக்கும்போது நிறுவனத்திடமே சான்றாக இருக்கும். வெளியே சென்றால் அந்தப் பிடி நழுவிவிடும்.

ஆதார், பான் அட்டைப் படங்களை ‘நம்பிக்கைக்காக’ பகிர்ந்துகொள்வதும் சிலரிடம் வழக்கமாகியுள்ளது. அது வேண்டாம்.

இருப்பிடமும் தனியுரிமையும்

‘2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளார்’ என்று செயலி காட்டும் வரி சாதாரணமாகத் தோன்றும். பெல்ஜியத்தின் கே.யு. லியூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 செயலிகளைச் சோதித்து, பம்பிள், ஹிஞ்ச், கிரைண்டர் உள்ளிட்ட ஆறு செயலிகளில் தொலைவுக் கணக்கைக் கொண்டே ஒருவரின் இருப்பிடத்தை நெருக்கமாகக் கண்டறிய முடிந்தது என 2024ஆம் ஆண்டு வெளியிட்டனர். நிறுவனங்கள் அந்த ஓட்டையைச் சரி செய்தன. அதே ஆண்டு மொசில்லா அமைப்பு ஆராய்ந்த 25 டேட்டிங் செயலிகளில் 22 செயலிகள் தனியுரிமையைப் போதிய அளவில் காக்கவில்லை என்று மதிப்பிடப்பட்டது. பயனர் தகவலை விளம்பர நிறுவனங்களுடன் பகிர்ந்ததற்காக கிரைண்டர் செயலிக்கு நார்வே 2021ஆம் ஆண்டு 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது.

பெண்களின் பாதுகாப்புக்காகவே அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட டீ என்ற செயலியில் இருந்து 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் சுமார் 72 ஆயிரம் படங்கள் கசிந்தன. அவற்றில் சுமார் 13 ஆயிரம், சரிபார்ப்புக்காகப் பெண்கள் அளித்த தற்படங்களும் அடையாள ஆவணங்களும் ஆகும்.

இருப்பிட அனுமதியை ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என வைப்பதும், துல்லிய இருப்பிடத்தை அணைத்து வைப்பதும் கைபேசி அமைப்புகளில் ஒரு நிமிட வேலை. அலுவலக அடையாள அட்டை, வீட்டு வாசல், வாகன எண் தெரியும் படங்களைத் தவிர்க்க வேண்டும். இன்ஸ்டாகிராம் கணக்கை இணைத்தால் நண்பர், உறவினர் பட்டியல் முழுவதும் அந்நியரிடம் சென்று சேரும். பின்னாளில் மிரட்டல் வந்தால் அந்தப் பட்டியலே ஆயுதமாகும்.

முதல் சந்திப்பு

இடத்தை பயனரே முன்மொழிய வேண்டும்; அது தனக்கு முன்பே தெரிந்த இடமாக இருக்க வேண்டும். மாதாப்பூரில் ஷில்பாராமம், துர்கம் செருவு ஏரிக்கரை போன்ற பொது இடங்கள் பகலில் ஆள்நடமாட்டம் மிக்கவை. இரானி தேநீர்க் கடை இன்னும் மேல். எத்தனை கோப்பை குடித்தாலும் ரசீது யாரையும் அச்சுறுத்தாது. எதிர்த்தரப்பு ஒரே ஒரு குறிப்பிட்ட விடுதியை மட்டும் வலியுறுத்தி, மாற்று இடம் சொன்னவுடன் கோபித்தாலோ உரையாடலைத் துண்டித்தாலோ, அதுவே போதிய எச்சரிக்கை.

வரவும் செல்லவும் சொந்த ஏற்பாடு வேண்டும். நண்பர் ஒருவரிடம் சந்திக்கும் நபரின் படம், எண், இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றைத் தெரிவித்து, நேரலை இருப்பிடத்தையும் பகிர வேண்டும். டிண்டர் 2024ஆம் ஆண்டு இதற்கென ஒரு வசதியை அறிமுகப்படுத்தியது. வாட்ஸ்அப்பிலும் இதைச் செய்யலாம். பெண்களுக்கு இது கூடுதல் அவசியம். பின்தொடர்தல், தொல்லை குறித்த புகார்களை 2014ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட ஷீ டீம்ஸ் காவல் பிரிவிடம் அளிக்கலாம். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

விடுதிக்குச் சென்றே ஆக வேண்டும் என்றால், விலைப்பட்டியலைப் பார்த்த பிறகே எதையும் வரவழைக்க வேண்டும். விலைப்பட்டியல் தர மறுத்தால் எழுந்து விடலாம். மிகை ரசீது வந்து, செலுத்தாமல் வெளியேற விடாமல் தடுத்தால், கைகலப்பில் இறங்காமல் அங்கிருந்தே 112க்கு அழைக்க வேண்டும். அச்சுறுத்திப் பணம் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆவது பிரிவின் கீழ் குற்றம். உயிருக்கு அஞ்சிச் செலுத்த நேர்ந்தாலும் ரொக்கமாகத் தராமல், ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய ரசீது பெற்று மின்னணு முறையில் செலுத்தினால் பின்னர் நிரூபிக்க முடியும். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. நுகர்வோர் உதவி எண் 1915.

காதலில் தொடங்கி முதலீட்டில் முடியும் மோசடி

விடுதி ரசீதில் போவது ஆயிரங்கள் என்றால், இதில் போவது வாழ்நாள் சேமிப்பு. வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, திருமணம் வரை கனவு காட்டி, பின்னர் ‘நான் கிரிப்டோவில் நல்ல லாபம் பார்க்கிறேன்’ என்று போலி வர்த்தகத் தளத்துக்கு அழைத்துச் செல்வர். முதலில் போட்ட சிறு தொகைக்கு லாபம் உண்மையாகவே திரும்பி வரும். அதை நம்பிப் பெருந்தொகை போட்டபின் கணக்கு முடக்கப்படும். பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்று பொருள்படும் சீனப் பெயரே இதற்கு உலகெங்கும் வழங்குகிறது. அமெரிக்காவில் மட்டும் 2022ஆம் ஆண்டு ஏறத்தாழ 70 ஆயிரம் பேர் காதல் மோசடியில் 130 கோடி டாலரை இழந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையத்திடம் புகார் அளித்தனர்.

மறுமுனையில் அன்பாகப் பேசுபவரும் சில வேளைகளில் சிறைப்பட்டவரே. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மர் எல்லையில் உள்ள மோசடி மையங்களில் இத்தகைய உரையாடல்களை நடத்தக் கட்டாயப்படுத்தப்பட்ட 500க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் விமானப்படை விமானங்களில் மீட்டு அழைத்து வரப்பட்டனர்.

நேரில் சந்திக்காத ஒருவருக்குப் பணம் அனுப்பக் கூடாது. அவர் சொல்லும் எந்தத் தளத்திலும் முதலீடு செய்யக் கூடாது. மருத்துவச் செலவு, சுங்கத் துறையில் சிக்கிய பரிசுப் பொருள், விமானக் கட்டணம் என்று காரணம் எதுவானாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால்

பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, அடுத்த தொகை கேட்கப்படும். பதில் அளிப்பதை நிறுத்தி, சான்றுகளைச் சேமித்து, உடனே புகார் அளிப்பதே வழி. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் அனுமதியின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின் கீழும், பாலியல் காட்சிகளை வெளியிடுவது 67ஏ பிரிவின் கீழும் தண்டனைக்குரியவை. நிர்வாணப் படங்கள், ஆள்மாறாட்டப் படங்கள் குறித்துப் பாதிக்கப்பட்டவரே புகார் அளித்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகளில் வகுக்கப்பட்டது.

ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவச இணையதளத்தில், படத்தைப் பதிவேற்றாமலேயே அதன் எண்வடிவ அடையாளத்தை மட்டும் உருவாக்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், பம்பிள் உள்ளிட்ட பங்கேற்கும் நிறுவனங்கள் அந்த அடையாளத்தைக் கொண்டு படத்தைக் கண்டறிந்து தடுக்கின்றன. 18 வயது நிறைவடைந்தவர்களுக்கான சேவை இது.

தன்பாலின ஈர்ப்பாளர்களை, ‘வீட்டில் சொல்லிவிடுவேன், போலீசில் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிப் பணம் பறிப்பது தனி வகை. வயதுவந்த இருவர் சம்மதத்துடன் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்துள்ளது. எனவே காவல் நிலையத்துக்கு அஞ்ச வேண்டியவர் மிரட்டுபவரே.

தன் அடையாளத்தை மறைத்துத் திருமணம் செய்துகொள்வது, நிறைவேற்றும் எண்ணமின்றித் திருமண வாக்குறுதி அளிப்பது ஆகியவற்றின் மூலம் பெண்ணுடன் உடலுறவு கொள்வது, 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 69ஆவது பிரிவின் கீழ் குற்றம். பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

புகார் அளிப்பது எப்படி?

பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் சென்ற கணக்கை முடக்கும் நடவடிக்கை அங்கிருந்தே தொடங்குகிறது. மோசடிக்காரர்கள் தொகையைப் பல கணக்குகளுக்கு மாற்றுவதற்குள் இது நடக்க வேண்டும் என்பதால், முதல் ஒரு மணி நேரத்தையே ‘கோல்டன் ஹவர்’ என்று காவல் துறையினர் குறிப்பிடுகின்றனர். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில புகார்களைப் பெயர் தெரிவிக்காமலும் அளிக்கலாம். ஹைதராபாத்தில் ஏமாற்றப்பட்டவர் சென்னைக்குத் திரும்பிவிட்டாலும், எல்லை வரம்பைக் காரணம் காட்டாமல் அங்குள்ள காவல் நிலையத்திலேயே ஜீரோ எஃப்ஐஆர் பதிவு செய்யச் சட்டம் இடமளிக்கிறது.

சுயவிவரப் பக்கம், உரையாடல், கைபேசி எண், யூபிஐ பரிவர்த்தனை எண், ரசீது ஆகியவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருக்க வேண்டும். டேட்டிங் செயலிகளில் ஒரு தரப்பு பொருத்தத்தை நீக்கிவிட்டால் உரையாடல் இரு தரப்பிலும் மறைந்துவிடும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. மோசடிக்காரர் முதலில் செய்வதும் அதைத்தான். ஆகவே சந்தேகம் எழுந்த நொடியிலேயே, கேள்வி கேட்பதற்கு முன்பே, திரைப்பிடிப்பு எடுத்துவிட வேண்டும்.